ரோம ஆட்சியில் ஒருவர் கிறிஸ்தவர் என்று எப்படி முடிவுசெய்தார்கள்?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். ரோமர்கள் ஒருவர் கிறிஸ்தவர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிடித்தவர்களையெல்லாம் சிங்கத்துக்குப் போட்டார்களா? உங்கள் பங்குத் திருவிழாவில் சொல்வதுபோல், ரோமாபுரிச் சபையின் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) புனித லாரன்ஸை இரும்புக் கட்டிலில் கிடத்தி வாட்டிக் கொன்றது வரலாறா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: குற்றம் என்ன, யார் புகார் கொடுத்தார்கள், விசாரணையில் என்ன நடந்தது, அதற்கு என்ன எழுத்துச் சான்று மிஞ்சியிருக்கிறது? அந்த வரிசையிலேயே போகிறேன். லாரன்ஸ் கடைசியில் வருவார். முன்னால் இருப்பவை தெரியாமல் அவரைப் பற்றி நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒரு தவறான படத்தை விலக்கவேண்டும். முந்நூறு ஆண்டுகளும் ரோம அரசு வீடு வீடாகத் தேடிக் கிறிஸ்தவர்களைப் பிடித்தது என்பது உண்மை இல்லை. கி.பி. 64-இல் ரோமாபுரி எரிந்தபின் நீரோ கிறிஸ்தவர்களைக் கொடூரமாகக் கொன்றான். அது தலைநகரில் நடந்தது. பேரரசு முழுவதற்கும் அவன் சட்டம் போட்டான் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. 249 வரை கிறிஸ்தவத்தைத் தடைசெய்யும் பொதுச்சட்டத்தின் வாசகம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் 'கிறிஸ்தவன்' என்ற பெயரே தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது என்பதில் ஐயமில்லை. பேதுருவின் முதல் நிருபத்திலேயே, கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபடாமல் கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் வெட்கப்படவேண்டாம் என்று வருகிறது. ரோம மாகாணத்தில் ஆளுநர் (தமிழ் வேதாகமத்தின் 'தேசாதிபதி') பொது ஒழுங்கைக் காக்கத் தாமே விசாரித்துத் தாமே தீர்ப்புச் சொல்லலாம். இன்ன சட்டப்பிரிவு என்று காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கொரிந்துவில் கல்லியோன் பவுலின் வழக்கைக் கேட்கவே மறுத்துத் துரத்தியதும், வேறோர் ஊரில் வேறோர் ஆளுநர் தலையை வெட்டச் சொன்னதும், ஒரே அதிகாரத்தின் இரண்டு முகங்கள்.

இந்த அதிகாரம் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்கு நமக்குள்ள மிகச்சிறந்த சாட்சி, கி.பி. 110–112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநராயிருந்த பிளினி, டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும். பிளினி தாம் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறார். புகாருடன் கொண்டுவரப்பட்டவரிடம் 'நீ கிறிஸ்தவனா?' என்று கேட்டார். 'ஆம்' என்றவரிடம் தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டார். அப்போதும் நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். அவர்கள் நம்புவது என்னவாக இருந்தாலும், அந்தப் பிடிவாதமே தண்டிக்கத் தக்கது என்பது அவர் வாதம். ரோமக் குடியுரிமை உள்ளவர்களின் பெயரை ரோமாபுரிக்கு அனுப்பும் பட்டியலில் எழுதினார். பிறகு பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று பல பெயர்களோடு வந்தது. அதில் இருந்தவர்களில் 'நான் இல்லை' என்றவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். அவர் சொல்லச் சொல்லத் தெய்வங்களை அழைக்கவேண்டும், இதற்காகவே கொண்டுவரச் செய்த பேரரசரின் உருவத்தின் முன் சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைக்கவேண்டும், கிறிஸ்துவைச் சபிக்கவேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இவற்றில் எதையும் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாக அவரே எழுதுகிறார். வேறு சிலர், முன்பு கிறிஸ்தவர்களாயிருந்து விட்டுவிட்டோம் என்றார்கள். மூன்று ஆண்டுக்கு முன் என்றும், பல ஆண்டுக்கு முன் என்றும், இருபது ஆண்டுக்கு முன் என்றுகூடச் சொன்னார்கள். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறிமாறிப் பாடினோம். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுத்தோம். பிறகு கூடிச் சாதாரண உணவு உண்டோம் என்பதே அவர்கள் சொன்னது. பிளினிக்கு இது போதவில்லை. சபையில் பணிவிடைப் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப்பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டார். அளவு மீறிய மூடநம்பிக்கை தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று முடிக்கிறார்.

டிராஜனின் பதில் மிகச் சிறியது. ஆனால் அடுத்த நூற்றைம்பது ஆண்டு நடைமுறையை விளங்கிக்கொள்ள அதுவே சாவி. கிறிஸ்தவர்களைத் தேடிப் போகவேண்டாம். யாராவது புகார் செய்து, அது உறுதியானால் தண்டிக்கவேண்டும். மறுதலித்து, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால், முன்பு எப்படி இருந்திருந்தாலும் மன்னித்துவிடலாம். மொட்டைக் கடிதத்தை எந்த வழக்கிலும் ஏற்கக்கூடாது. திருடனோ கொலைகாரனோ 'இனிச் செய்யமாட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. கிறிஸ்தவர் மட்டும் ஒரு சிட்டிகைச் சாம்பிராணி போட்டால் வீட்டுக்குப் போகலாம். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்தூலியன் 197 வாக்கில் இந்த முரண்பாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்: குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, தேடவேண்டாம் என்றால் ஏன் தண்டிக்கிறீர்கள்? வாதம் சரியானது. ஆளுநரின் பக்கம் பார்த்தால் அந்த ஏற்பாட்டுக்கும் காரணம் இருந்தது. அவரிடம் துப்பறியும் காவல்துறை கிடையாது. ஆண்டுக்கு ஒரு சுற்று, குறித்த நகரங்களில் நீதிமன்றம் கூட்டுவார். வழக்கைக் கொண்டுவருவது தனியாள் வேலை. தன் பெயரில் புகார் கொடுத்து நேரில் நிற்கவேண்டும். பொய் என்று தெரிந்தால் புகார்க்காரருக்கே தண்டனை என்று ஹேட்ரியன் பேரரசர் ஆசியா மாகாண ஆளுநர் மினூசியுஸ் ஃபுந்தானுஸுக்கு எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, 249-க்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை பதில் இதுதான்: அரசு கண்டுபிடிக்கவில்லை, அக்கம்பக்கத்தார் காட்டிக்கொடுத்தார்கள். கிறிஸ்தவர் யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. புகார் எப்போது வெடித்தது என்பதற்கு உள்ளூர்க் காரணங்கள் இருந்தன: பஞ்சம், கொள்ளைநோய், குடும்பச் சண்டை, வியாபார நட்டம். பிளினியின் கடிதத்திலேயே ஒரு குறிப்பு உண்டு: அவர் நடவடிக்கைக்குப் பிறகு பலியிட்ட இறைச்சி மறுபடி விற்கத் தொடங்கியது.

நீதிமன்றத்துக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டும் மிகச் சுருக்கமான பதிவு, 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் ஆளுநர் சத்துர்னீனுஸ் முன் நின்ற ஸில்லியம் ஊர்க் கிறிஸ்தவர்களுடையது. ஆளுநர் எடுத்தவுடனே, புத்திக்கு வந்தால் பேரரசரின் மன்னிப்பு கிடைக்கும் என்று சொல்கிறார். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஸ்பெராத்துஸ் என்பவர், 'புத்தகங்களும் பவுல் என்ற நீதிமானின் கடிதங்களும்' என்கிறார். யோசிக்க முப்பது நாள் தருகிறேன் என்கிறார் ஆளுநர். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பலகையிலிருந்து தீர்ப்பு வாசிக்கப்படுகிறது, பன்னிரண்டு பெயர்கள் அழைக்கப்படுகின்றன, வாளால் வெட்டு. 203-இல் அதே கார்த்தேஜில் பெர்பேத்துவா என்ற இளந்தாயிடம், அப்பாவின் நரைத்த தலையையும் கைக்குழந்தையையும் நினைத்துப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலியிடு என்று அதிகாரி கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். இதைக் கருணை என்றும் கொள்ளவேண்டாம், நடிப்பு என்றும் கொள்ளவேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வேண்டியது செத்த உடல் அன்று, பணிந்த கை. பணிந்த ஒருவர், பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேருக்குப் பாடம். பணியாமல் செத்தவரோ மறுநாளே சபையின் நினைவில் வேதசாட்சியாகிவிடுவார்.

சிங்கம் பற்றி. மிருகங்களுக்குப் போடுவது உண்மையான தண்டனை. கிறிஸ்தவர்களுக்கென்று உண்டாக்கியதும் இல்லை, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் விதித்ததும் இல்லை. தண்டனை ஆளின் தகுதியைப் பொறுத்தது. குடியுரிமை உள்ளவருக்குப் பெரும்பாலும் வாள். அடிமைக்கும் எளியவருக்கும் நெருப்பு, மிருகம், சுரங்கம். 177-இல் லியோனில் (அன்றைய லுக்துனும்) ஆளுநர், பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸைக் கேட்டெழுதினார். மறுதலிப்பவரை விடுதலை செய், மற்றவரைக் கொல் என்று பதில் வந்தது. குடிமக்களுக்கு வாள், மற்றவர்களுக்கு மிருகம் என்று பிரித்தார்கள். ஆனால் அத்தாலுஸ் என்பவர் ரோமக் குடிமகன் என்று தெரிந்தும், கூட்டத்தைத் திருப்திப்படுத்த அவரை ஆளுநர் அரங்கில் இறக்கினார். விதி ஒன்று, நடந்தது வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம். அதே லியோனில் டிராஜனின் விதிக்கு மாறாக ஆட்களைத் தேடியும் பிடித்தார்கள். ரோமாபுரியின் கொலோசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அது 80-இல்தான் திறக்கப்பட்டது, எனவே நீரோ காலத்துச் சாவுகளுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. பிற்காலச் சாவுகளையும் குறிப்பாக அந்தக் கட்டடத்தோடு இணைக்கும் பழைய சான்று மிகப் பலவீனமானது.

249-இன் இறுதியில் எல்லாம் மாறியது. புதிதாக ஆட்சிக்கு வந்த டீசியஸ், பேரரசின் மக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். ஆணையின் வாசகம் அழிந்துவிட்டது. ஆனால் அது எகிப்தில் எப்படி நிறைவேறியது என்பதற்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது: பலியிட்டதற்கான சான்றிதழ்கள், நாற்பதுக்கும் மேல். லத்தீனில் 'லிபெல்லுஸ்' என்பார்கள். சின்ன மனு என்று பொருள். பெரும்பாலானவை ஃபயூம் பகுதியின் தெயதெல்ஃபியா என்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவை. தேதியெல்லாம் 250 ஜூன் 12-க்கும் ஜூலை 14-க்கும் இடையில். முதன்முதலில் 1893-இல் அச்சான சான்றிதழ், அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்து தியோகெனஸ் என்பவருடையது. வயது 72, வலப் புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன். இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததைச் சுவைத்தேன். சான்று எழுதித் தரவேண்டுகிறேன் என்கிறது மனு. கீழே வேறு கையெழுத்தில் சாட்சி, பிறகு தேதி. தெயதெல்ஃபியா சான்றிதழ்களில் 'அவுரேலியுஸ் செரேனுஸ், அவுரேலியுஸ் ஹெர்மாஸ் ஆகிய நாங்கள் நீ பலியிடுவதைப் பார்த்தோம்' என்று வரும். பிறகு ஹெர்மாஸின் கையொப்பம். எல்லாரும் 'அவுரேலியுஸ்' ஆனது எப்படி என்று குழம்பவேண்டாம். 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்த பேரரசரின் குடும்பப் பெயரை மக்கள் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். மனுவின் வடிவம் எகிப்திய கிராமத்துக்குப் பழகியதுதான். குடிக்கணக்குக்கும் நிலத்துக்கும் வரிக்கும் இப்படித்தான் வயதும் தழும்பும் எழுதிக்கொடுத்து வந்தார்கள். வரி வசூலின் இயந்திரத்தையே வழிபாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் அது அவ்வளவு தூரம் எட்டியது.

இந்தச் சான்றிதழ்களில் உற்றுப் பார்க்கவேண்டியது, அவற்றில் இல்லாத விஷயம். கிறிஸ்து என்ற பெயர் எங்கும் வராது. சபிக்கச் சொல்லவில்லை. 'நீ கிறிஸ்தவனா?' என்ற கேள்வியே இல்லை. அர்சினோவே நகரத்தில் முதலைத் தெய்வம் பெத்தெசூக்கோஸின் பூசாரிப் பெண்ணான அம்மோனூஸ்கூடச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஆகவே இது எல்லாருக்குமான ஆணை என்பது உறுதி. டீசியஸின் குறி கிறிஸ்தவர்கள்தானா, அல்லது பேரரசின் நலனுக்காக எல்லாரையும் ஒருமுறை தெய்வத்தின் முன் நிறுத்துவதா என்பது இன்னும் தீராத விவாதம். எனக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது என் கணிப்பு, சான்று இல்லை. ஆணையின் விளைவோ தெளிவானது. ரோமாபுரியின் ஆயர் ஃபாபியான் 250 ஜனவரி 20 அன்று இறந்தார். கார்த்தேஜில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பலியிட வந்து, பொழுது சாய்ந்துவிட்டது நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இன்றே முடித்துவிடுங்கள் என்று மன்றாடியதாக ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதுகிறார். சபை பிறகு இவர்களை வகைப்படுத்தியது: விலங்கைப் பலியிட்டவர், சாம்பிராணி மட்டும் போட்டவர், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர். மூன்றாம் வகையினர் 'லிபெல்லாதிச்சி' எனப்பட்டார்கள். நான் கிறிஸ்தவன், பலியிட முடியாது, அதற்குப் பதிலாகப் பணம் தருகிறேன் என்று அதிகாரியிடம் நேரிலேயே சொன்னவர்களும் இவர்களில் உண்டு. ஆக, நம் கையில் இருக்கும் ஒரு சான்றிதழ் பலியிட்டதற்குச் சான்றா, லஞ்சத்துக்குச் சான்றா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்லமுடியாது. 251-இல் டீசியஸ் போரில் மடிந்தார், ஆணை ஓய்ந்தது, விழுந்தவர்களை மறுபடி சேர்ப்பதா என்ற சண்டை சபைக்குள் ஓயவில்லை.

257-இல் பேரரசர் வலேரியன் வேறு வழியில் வந்தார். எல்லாரையும் விட்டுவிட்டுத் தலைகளைப் பிடித்தார். முதல் ஆண்டு, குருக்கள் பலியிடவேண்டும், மறுத்தால் நாடுகடத்தல். கூட்டங்களுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்குப் போவதற்கும் தடை. அடுத்த ஆண்டு, ஆயர்களுக்கும் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் உடனடி மரணம்; கிறிஸ்தவ செனட்டர்களுக்குப் பதவியும் சொத்தும் பறிமுதல், பிறகும் நின்றால் தலை; உயர்குலப் பெண்களுக்குச் சொத்துப் பறிமுதலும் நாடுகடத்தலும். சிப்ரியானின் விசாரணைக் குறிப்புகள் இந்தக் காலத்தவை. 257 ஆகஸ்ட் 30 அன்று ஆளுநர், உன் குருக்கள் யார் யார் என்று கேட்கிறார். உங்கள் சட்டமே காட்டிக்கொடுப்பவர்களை நன்றாகத் தடுத்திருக்கிறது, அவர்களை நான் சொல்லமாட்டேன் என்கிறார் சிப்ரியான். பேச்சுக்கலை கற்பித்தவரின் பதில். 258 செப்டம்பர் 14 அன்று அவரை வாளால் வெட்டினார்கள். வெட்டுபவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொல்லியிருந்தார்.

நாற்பது ஆண்டு அமைதிக்குப்பின் 303 பிப்ரவரி 23 அன்று, பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை இருந்த நிக்கோமீடியாவில் (இன்றைய துருக்கி) தேவாலயத்தை இடித்தார்கள். அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் அது நின்றது. கிறிஸ்தவர்கள் நிலவறையில் ஒளிந்தே வாழ்ந்தார்கள் என்ற எண்ணத்துக்கு இதுவே பதில். ரோமாபுரியின் நிலவறைகள் அடக்கம் செய்யும் இடங்கள், வீடுகள் அல்ல. மறுநாள் டயோக்ளீஷியனின் முதல் ஆணை: தேவாலயங்களை இடிக்கவேண்டும், வேதபுத்தகங்களை எரிக்கவேண்டும், பதவியில் உள்ள கிறிஸ்தவர் பதவி இழப்பார், நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. இந்த முறை ஆளைவிடப் பொருளையும் புத்தகத்தையும் குறிவைத்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை மணிக்கு மணி காட்டும் பதிவு, 303 மே 19 அன்று சிர்த்தா நகரத்தில் (இன்றைய அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன்) நகர அதிகாரி முனாத்தியுஸ் ஃபெலிக்ஸ் நடத்திய சோதனை. ஆயர் பவுல் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். எழுத்தர் பட்டியல் எடுக்கிறார்: பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடுவை 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு வெண்கல விளக்கு 11, பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 இணை, பெண்கள் செருப்பு 47 இணை. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணியும் செருப்பும்தான் இவை என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நூலக அறைக்குப் போனால் அலமாரிகள் காலி. புத்தகம் எங்கே? வாசகர்களிடம், அதாவது சபையில் வேதம் வாசிக்கும் பொறுப்பில் இருந்தவர்களிடம். வாசகர்கள் யார்? உங்களுக்கே தெரியும் என்கிறார் ஆயர். மிகப் பெரிய புத்தகம் ஒன்றை மட்டும் கத்துல்லீனுஸ் என்ற துணைத் திருத்தொண்டர் எடுத்துத் தருகிறார். மற்ற வாசகர்கள் பெயரைச் சொல் என்றபோது அவரும் இன்னொருவரும், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர், இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆனால் நகரசபை எழுத்தர்களுக்கு வாசகர்களின் வீடுகள் தெரியும். வீடு வீடாகப் போகிறார்கள்: ஒருவர் 4 புத்தகம் தருகிறார், ஒருவர் 5, ஒருவர் 8, இலக்கண ஆசிரியர் விக்டர் 2 புத்தகமும் தைக்காத 4 கட்டுகளும். கொத்தேயோ என்பவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி 6 எடுத்துத் தருகிறார். இடையில் சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர் வெள்ளி விளக்கையும் வெள்ளிப் பெட்டியையும் சாடிக்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி நீட்டுகிறார். கிடைக்காவிட்டால் நீ செத்திருப்பாய் என்கிறான் அதிகாரியோடு வந்தவன். இந்தப் பதிவு பிழைத்ததற்குக் காரணம் வருத்தமானது. சில்வானுஸ் பிற்பாடு அதே ஊருக்கு ஆயரானார். 320-இல் சபைப் பிளவு வழக்கில், அவர் பொருளை ஒப்படைத்தவர் என்று காட்ட எதிர்த்தரப்பு இதை நீதிமன்றத்தில் வாசித்தது.

எகிப்திலிருந்து இதற்குத் துணையாக இரண்டு பாப்பிரஸ்கள் (நாணல் தாளில் எழுதிய ஆவணங்கள்). ஒன்று, 304 பிப்ரவரி 5 தேதியிட்ட உறுதிமொழி. கிசிஸ் கிராமத்து 'முன்னாள் சபையின்' வாசகர் அம்மோனியுஸ், சபைக்குப் பொன், வெள்ளி, பணம், துணி, கால்நடை, அடிமை, மனை எதுவும் இல்லை, அலெக்சாந்திரியாவுக்கு அனுப்ப ஒப்படைத்த வெண்கலப் பொருள்கள் மட்டுமே இருந்தன என்று சத்தியம் செய்கிறார். கையெழுத்து வேறொருவருடையது, காரணம், இவருக்கு எழுத்துத் தெரியாதாம். சபையில் வேதம் வாசிப்பவருக்கு எழுத்துத் தெரியாதா? கிரேக்கம் தெரியாமல் எகிப்திய மொழியில் மட்டும் படித்தவரா, பேரரசர்களின் பெயரால் செய்த சத்தியத்தில் தம் கை படக்கூடாது என்று நினைத்தாரா, மனப்பாடமாய்ச் சொன்னவரா என்று மூன்று விளக்கங்களும் உண்டு, எதுவும் நிரூபணமானதில்லை. மற்றது கோப்ரஸ் என்பவர் தம் வீட்டுப் பெண் சரப்பியாசுக்கு எழுதிய கடிதம். நிலவழக்குக்காக ஊர்விட்டுப் போனவர், அங்கே நீதிமன்றத்தில் நிற்பவர்களைப் பலியிட வைக்கிறார்கள் என்று அறிந்து, தம் சகோதரருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து அவரை நிற்க வைத்துவிட்டார். கடிதத்தில் 99 என்ற எண்ணைப் போட்டிருக்கிறார். கிரேக்க எழுத்துகளைக் கூட்டினால் 'ஆமென்' என்பதன் மதிப்பு அது. வீரத்துக்கும் வீழ்ச்சிக்கும் நடுவில், இப்படி வழி கண்டுபிடித்து வாழ்ந்தவர்களே எண்ணிக்கையில் அதிகமாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 304-இல் எல்லாருக்கும் பலி ஆணை வந்தது. கிழக்கில் கடுமை நீண்டது. மேற்கில் துணைப் பேரரசர் கொன்ஸ்தான்சியுஸின் பகுதியில் கட்டடங்களை இடித்ததோடு பெரும்பாலும் நின்றது. 311 ஏப்ரல் 30 அன்று பேரரசர் கலேரியுஸின் ஆணை நிக்கோமீடியாவில் ஒட்டப்பட்டது: கிறிஸ்தவர்கள் இருக்கலாம், எங்கள் நலனுக்காகத் தங்கள் கடவுளை வேண்டிக்கொள்ளட்டும். 313-இல் பறிமுதல் சொத்தும் திரும்பியது.

இப்போது லாரன்ஸ். வேதசாட்சிகளின் வரலாறுகளைப் படிக்கும்போது சில அளவுகோல்கள் உதவும். ஆண்டைக் குறிக்கும் கொன்சுல்களின் (ஆண்டுதோறும் மாறும் ரோம உயரதிகாரிகளின்) பெயர், ஆளுநரின் சரியான பெயரும் பதவியும், வறண்ட சிறு கேள்வி-பதில் இருந்தால் பழைய பதிவின் சாயல் உண்டு. பேரரசரே நேரில் விசாரிப்பது, நீண்ட பிரசங்கம், ஒன்றன்பின் ஒன்றாகப் பலிக்காத சித்திரவதைகள் வந்தால் அது பிற்காலத்து எழுத்து. செபஸ்தியாரை எடுத்துக்கொண்டால், ஜனவரி 20 அன்று ரோமாபுரியில் அவருக்கு நினைவுநாள் கொண்டாடியது 354-ஆம் ஆண்டின் வேதசாட்சிகள் நினைவுநாள் பட்டியலில் இருப்பதால் ஆள் உண்மை, கல்லறை உண்மை. அம்பு தைத்த கதை ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. லாரன்ஸும் அதே பட்டியலில் ஆகஸ்ட் 10 அன்று, திபூர்த்தீனா சாலையில் அடக்கமானவராக வருகிறார். ஆண்டு 258 என்பது பொருந்துகிறது: சிப்ரியானின் கடிதப்படி ரோமாபுரியின் ஆயர் சிக்ஸ்துஸை நான்கு திருத்தொண்டர்களோடு ஆகஸ்ட் 6 அன்று கொன்றார்கள். வலேரியனின் ஆணை உடனே கொல்லச் சொன்னதால், லாரன்ஸும் வாளால் இறந்திருப்பார் என்றே பலர் எண்ணுகிறார்கள். 'பாடுபட்டார்' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து விழுந்தால் 'வாட்டப்பட்டார்' ஆகிவிடும், கதை அங்கே பிறந்தது என்று சொல்வது சாமர்த்தியமான ஊகம் மட்டுமே. அதே நேரம், லியோனில் 177-இல் காய்ச்சிய இரும்பு நாற்காலியில் உட்காரவைத்ததை அந்தச் சபையின் கடிதமே சொல்கிறது. அப்படிப்பட்ட கருவி ரோமர்களுக்குப் புதிது இல்லை. எனவே இரும்புக் கட்டில் நிரூபணமாகவில்லை. நடந்திருக்கவே முடியாது என்று தள்ளவும் இடமில்லை. அதிகாரி சபையின் பொக்கிஷத்தைக் கேட்டபோது லாரன்ஸ் ஏழைகளைக் கூட்டிவந்து காட்டினார் என்று உங்கள் பங்கில் சொல்லியிருப்பார்கள். அந்தக் காட்சிக்கு நான்காம் நூற்றாண்டுக்கு முந்தைய சான்று இல்லை. ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன், 251-ஐ ஒட்டி, ரோமாபுரியின் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் அந்தச் சபையின் கணக்கு இருக்கிறது: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், சபை சோறுபோட்டுக் காப்பாற்றிய விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கும் மேல்.